குப்பைக் கிடங்கு அருகில் இருக்கிறது, போர்வெல் தண்ணீரைக் குடிக்கலாமா?

கேள்வி இது: வீட்டிலிருந்து ஏறக்குறைய அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய குப்பைக் கிடங்கு. அங்கே குப்பை கொட்டுவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டுக்குத் தண்ணீர் போர்வெல்லிலிருந்து. தெளிவாகத்தான் வருகிறது, டிடிஎஸ் மீட்டர் 450 காட்டுகிறது, கொதிக்கவைத்த பிறகே குடிக்கிறோம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. இவ்வளவு கவனம் போதுமா?

போதாது. முறையாகப் பரிசோதித்துப் பார்க்கும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். குழந்தைக்குப் பால்பவுடர் கரைப்பதற்குக் கண்டிப்பாக வேண்டாம். உங்கள் கிணறு கெட்டுவிட்டது என்று சொல்ல வரவில்லை; நன்றாக இருக்கவும் வாய்ப்பு நிறையவே உண்டு. ஆனால் நீங்கள் நம்பியிருக்கும் தூரம், தெளிவு, டிடிஎஸ், கொதிக்கவைத்தல் ஆகிய நான்கில் ஒன்றுகூட இந்த ஆபத்தைப் பற்றி உறுதியாக எதையும் சொல்லாது. நிலத்தடி நீர் மாதிரிகளை எடுத்து ஆராயும் வேலையில் இருப்பதால், இந்த நான்கையும் நம்பி நிம்மதியாக இருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், கிடங்கிலிருந்து என்ன வருகிறது என்று பார்ப்போம். குப்பைமேட்டில் பெய்யும் மழையில் ஒரு பங்கு உள்ளே இறங்குகிறது. இறங்கும் வழியில் கரையக்கூடியதையெல்லாம் கரைத்துக்கொண்டு, கரும்பழுப்பு நிறத்தில் கடும் நாற்றத்தோடு அடியில் தேங்குகிறது. லீச்சேட் எனப்படும் கசிவுநீர் இதுதான். இதில் இருப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்: மக்கும் பொருள்களிலிருந்து வந்த கரிமச் சேர்மங்கள்; குளோரைடு, சோடியம், பொட்டாசியம், அம்மோனியா போன்ற உப்புகள்; கன உலோகங்கள்; பெயின்ட், கரைப்பான், பூச்சிமருந்து, எண்ணெய் ஆகியவற்றிலிருந்து வந்த செயற்கை ரசாயனங்கள்.

கிடங்கை மூடிவிட்டார்கள் என்பது பெரிய ஆறுதல் இல்லை. புதிய குப்பையின் கசிவுநீர் அமிலத்தன்மையோடு இருக்கும், கரிமப் பொருள் மிக அதிகமாக இருக்கும். வருடங்கள் போகப் போக உள்ளே மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் நிலைபெற்று, கரிமப் பொருள் குறைந்துவிடும். அம்மோனியா மட்டும் குறையாது. அதைச் சிதைக்க ஆக்சிஜன் வேண்டும், குப்பைக்குள்ளே ஆக்சிஜன் கிடையாது. பழைய கிடங்குகளின் கசிவுநீரில்கூட லிட்டருக்கு 500 முதல் 2,000 மில்லிகிராம் வரை அம்மோனியா இருப்பது சாதாரணம். மூடிய கிடங்கைக் குறைந்தது 30 ஆண்டுகளாவது கண்காணிக்க வேண்டும் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் விதி வைத்திருப்பது சும்மா இல்லை.

அடியில் தடுப்பு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இன்றைய முறைப்படி கட்டும் கிடங்கில், நீரை எளிதில் கடத்தாத களிமண்ணை 60 சென்டிமீட்டராவது இறுக்கிப் போட்டு, அதன்மேல் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள எச்டிபிஇ என்ற கெட்டி பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, தேங்கும் கசிவுநீரைக் குழாய் வைத்து வெளியே எடுப்பார்கள். பழைய கிடங்குகளில் பெரும்பாலானவற்றில் இது எதுவும் கிடையாது. பள்ளம் கிடைத்த இடத்தில் கொட்டியவைதான் அவை. மண் களிமண்ணாக இருந்தால் மட்டும் தப்பித்தோம் என்று நினைத்துவிடவும் முடியாது. அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கெனால் என்ற பாதியில் கைவிடப்பட்ட கால்வாயில் 1942 முதல் 1953 வரை சுமார் 20,000 டன் தொழிற்சாலை ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். சுற்றிலும் களிமண்தான். பின்னால் அதன்மேலும் அதையொட்டியும் பள்ளிக்கூடமும் வீடுகளும் வந்தன. மேல்மூடி சிதைந்து மழைநீர் உள்ளே இறங்க, அடியில் வழியில்லாத நீர் நிரம்பி மேல்மட்ட மண் வழியாகப் பக்கவாட்டில் கசிந்து வீடுகளின் அடித்தளம் வரை போய்விட்டது. 1978-இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. நச்சுக் கழிவிடங்களைத் துப்புரவாக்குவதற்கென்றே சூப்பர்ஃபண்ட் சட்டம் 1980-இல் வந்ததற்கு அந்த ஊர் ஒரு முக்கியக் காரணம்.

இனிச் சொல்லப்போவது, பலரும் கவனிக்காமல் விடும் விஷயம். கசிவுநீர் நிலத்தடி நீரோடு கலந்ததும் நிலத்தடியின் வேதியியலே மாறிவிடுகிறது. அதிலுள்ள கரிமப் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அது தீர்ந்ததும் நைட்ரேட்டைப் பயன்படுத்தும். பிறகு மாங்கனீசு ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, சல்பேட் என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் மீத்தேன் உண்டாகும். மணல் துகள்களின்மேல் செம்பழுப்பாகப் படிந்திருப்பது இரும்பு ஆக்சைடுதான். அந்தப் படிவத்தில் ஆர்செனிக் காலங்காலமாக ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்திருக்கலாம். இரும்பு கரையும்போது அந்தப் பிடி விட்டுப்போய், ஆர்செனிக் தண்ணீருக்கு வந்துவிடும். ஆகவே, குப்பையில் ஆர்செனிக்கே இல்லை என்றாலும், குப்பையின் காரணமாகக் கிணற்றில் ஆர்செனிக் வரலாம். “எங்கள் கழிவில் அது இல்லை” என்று கிடங்கு நடத்துபவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதனால் உங்கள் கிணற்றுக்கு ஒரு பாதுகாப்பும் வந்துவிடாது. எல்லா மண்ணிலும் இப்படி நடக்கும் என்றில்லை. நடக்கிறதா என்று பார்க்க ஆர்செனிக்கையும் மாங்கனீசையும் சோதனைப் பட்டியலில் சேர்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

நேர்மாறாக, ஈயம், காட்மியம், பாதரசம் போன்றவை வீட்டுக் குப்பைக் கிடங்கிலிருந்து வெகுதூரம் போவது குறைவு. சல்பைடாகவும் கார்பனேட்டாகவும் படிந்தும், களிமண்ணில் ஒட்டியும் வழியிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. “கன உலோகம் சோதித்தோம், ஒன்றும் இல்லை” என்று ஒரே ஒரு அறிக்கையை வைத்துக்கொண்டு நிம்மதி அடைகிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். சோதித்ததே தவறான பொருளை.

இப்போது தூரம். அரை கிலோமீட்டர் பாதுகாப்பானதா என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த மண்ணில் ஓடுகிறது என்று சொன்னால் ஓரளவு சொல்லலாம். புகைபோக்கியிலிருந்து எழும் புகை காற்றடிக்கும் பக்கமே நீள்வதுபோல, மாசும் நிலத்தடி நீர் ஓடும் திசையில் ஒரு நாக்காக நீளும். ஓட்டத்துக்கு மேல்பக்கம், அதாவது தண்ணீர் வரும் பக்கம், 100 மீட்டரில் இருக்கும் கிணறு சுத்தமாகவும், கீழ்ப்பக்கம் 600 மீட்டரில் இருக்கும் கிணறு கெட்டும் இருக்கலாம்.

வேகத்தை ஹென்றி டார்சி 1856-இல் வெளியிட்ட விதியை வைத்துக் கணக்கிடுகிறோம். மணலின் நீர்கடத்தும் திறன் நாளுக்கு 10 மீட்டர், நீர்மட்டச் சரிவு 1,000 மீட்டருக்கு 5 மீட்டர், மண்ணில் நீர் ஓடக்கூடிய துளைவெளி 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நாளுக்கு 20 சென்டிமீட்டர் நகரும். ஆண்டுக்கு 73 மீட்டர். அரை கிலோமீட்டரைக் கடக்க ஏழு ஆண்டுகள் ஆகும். குளோரைடு எதிலும் ஒட்டாமல் தண்ணீரின் வேகத்திலேயே வந்துவிடும். அம்மோனியா மண்ணில் ஒட்டி ஒட்டிப் பின்தங்கி வரும். நல்ல களிமண்ணாக இருந்தால் இதே நகர்வு ஆயிரக்கணக்கில் மடங்கு மெதுவாகும். பாறையில் வெடிப்புகள் வழியாக ஓடும் இடத்திலோ இந்தக் கணக்கே செல்லாது. ஒரு வெடிப்பு நேராக உங்கள் போர்வெல்லை வெட்டினால் வெகு சீக்கிரம் வந்துவிடும். பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு ஒன்றும் ஆகாமலும் இருக்கும்.

கனடாவின் ஒன்டாரியோவில் போர்டன் என்ற இடத்தில், மணற்பாங்கான நிலத்தில் இருந்த கிடங்கை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அங்கே குளோரைடு நாக்கு சுமார் 700 மீட்டர் நீண்டிருந்தது. உலகில் ஆராயப்பட்ட கிடங்குகளில் பெரும்பாலானவற்றின் மாசு ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அந்த வட்டத்துக்குள் உங்கள் வீடு இருக்கிறது என்பதால்தான் அலட்சியம் வேண்டாம் என்கிறேன்.

ஓட்டத் திசையைத் தோராயமாக நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறுகள் வேண்டும், மூன்றும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். மூன்றிலும் மோட்டாரை நிறுத்தி, சில மணி நேரம் விட்டு, நீர்மட்டம் தரையிலிருந்து எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்று ஒரே நாளில் அளக்க வேண்டும். அந்த மூன்று இடங்களின் தரை உயரத்தைச் சர்வேயரை வைத்து அளந்து, ஆழத்தைக் கழித்தால் நீர்மட்டத்தின் உண்மையான உயரம் வரும். எந்தப் பக்கம் உயரம் குறைகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறது. ஃபோனில் காட்டும் உயரம் இதற்குப் பயன்படாது. அதில் வரும் பிழை, நீங்கள் தேடும் வித்தியாசத்தைவிடப் பெரியது. இன்னொன்று: இந்தத் திசை நிரந்தரமில்லை. பக்கத்தில் யாராவது பெரிய மோட்டார் வைத்து இரவு பகலாக இறைத்தால், ஓட்டம் அவர்கள் பக்கம் திரும்பும்; வழியில் இருக்கும் கிணறுகளுக்குப் புதிதாக மாசு வரும்.

ஆழமாகப் போட்ட போர்வெல் பாதுகாப்பு என்பதையும் அப்படியே ஏற்காதீர்கள். கசிவுநீரில் உப்பு அதிகம், எடையும் அதிகம்; மேலிருந்து மழைநீரும் அழுத்துவதால் மாசு போகப் போகக் கீழே இறங்கும். கரைப்பான்களில் சில தண்ணீரைவிடக் கனமானவை, நேராக அடிக்கே போய்விடும். போர்வெல் குழாய்க்கும் துளைச் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சிமென்ட் கலவையோ பென்டோனைட் களிமண்ணோ போட்டு அடைக்காமல் விட்டிருந்தால், மேல்மட்டத்து அழுக்குநீர் ஆழத்துக்கு இறங்க அந்த இடைவெளியே வழியாகிவிடும்.

வீட்டிலேயே தெரியும் சில அறிகுறிகள் உண்டு. பம்பிலிருந்து தெளிவாகப் பிடித்த தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மூடாமல் சில மணி நேரம் வையுங்கள். மெல்ல மஞ்சளாகி, கலங்கி, அடியில் செம்பழுப்புத் தூசி படிந்தால் அதில் கரைந்த இரும்பு இருக்கிறது. அந்த நீர் ஆக்சிஜன் இல்லாத இடத்திலிருந்து வருகிறது என்று அர்த்தம். இயற்கையாகவே இரும்பு உள்ள பகுதிகளும் உண்டு. ஆனால் முன்பு இல்லாமல் இப்போது புதிதாக வந்திருந்தால் உடனே சோதனைக்குக் கொடுங்கள். கருப்புக் கறை மாங்கனீசாக இருக்கலாம், அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. இவை எதுவும் இல்லாததால் தண்ணீர் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. ஆர்செனிக்குக்கும் நைட்ரேட்டுக்கும் நிறமோ மணமோ சுவையோ கிடையாது.

டிடிஎஸ் மீட்டர் உண்மையில் அளப்பது மின்கடத்தலை. தண்ணீரில் அயனிகள் மொத்தம் எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லும், அவ்வளவுதான். குடிநீரில் ஆர்செனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மில்லிகிராம். அதைப்போல 100 மடங்கு இருந்தாலும் மொத்தம் ஒரு மில்லிகிராம்தான் ஆகிறது. 450 காட்டும் மீட்டரில் அது தெரியவே தெரியாது. ஆவியாகும் கரிம ரசாயனங்களில் பென்சீனுக்கு அளவு 10 மைக்ரோகிராம், வினைல் குளோரைடுக்கு 0.3 மைக்ரோகிராம். இவை அயனிகளே அல்ல என்பதால் எவ்வளவு இருந்தாலும் மீட்டர் அசையாது. மீட்டரை வீசிவிட வேண்டாம், அதற்கு வேறொரு பயன் உண்டு. மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதி வாருங்கள். மழை, கோடை மாற்றத்தைத் தாண்டி எண் தொடர்ந்து ஏறினால் ஏதோ வருகிறது என்று அது எச்சரிக்கும்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட்டும் ஆர்செனிக்கும் மாங்கனீசும் ஆவியாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிஞ்சியதில் அவற்றின் அடர்த்தி கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நைட்ரேட் மிக ஆபத்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரித்துவிடும். சுத்தமாக இருக்க வேண்டும் என்று நீண்ட நேரம் கொதிக்கவைத்துப் பால் கரைக்கும் தாய், தெரியாமல் நைட்ரேட்டின் அடர்த்தியைக் கூட்டிக் கொடுக்கிறார். எனக்கு மனம் மிகவும் வலிக்கும் இடம் இது. குழந்தை இருக்கும் வீட்டில் சோதனை முடிவு வரும்வரை வேறு நம்பகமான நீரை மட்டுமே கொடுங்கள்.

சோதனையை இரண்டு கட்டமாகச் செய்தால் பணம் வீணாகாது. முதலில் மின்கடத்தல், பிஎச், குளோரைடு, காரத்தன்மை, அம்மோனியா, நைட்ரேட், சல்பேட், இரும்பு, மாங்கனீசு, பொட்டாசியம், போரான், சிஓடி (கரிமப் பொருளைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) அல்லது மொத்தக் கரிமக் கார்பன், கூடவே மலக்கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி. இவை கசிவுநீரின் தடம் காட்டுபவை. ஆர்செனிக்கை முதல் கட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். தடம் தெரிந்தால், அல்லது கிடங்கில் தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்திருந்தால், ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் மற்ற உலோகங்களும், ஆய்வகத்தில் வசதி இருந்தால் பிஃபாஸ் எனப்படும், எளிதில் சிதையாத ஃபுளோரின் வகை ரசாயனங்களும் இரண்டாம் கட்டம். அதே நாளில், ஓட்டத்துக்கு மேல்பக்கம் உள்ள ஒரு கிணற்றிலும் மாதிரி எடுங்கள். ஒப்பிட அது இல்லாவிட்டால், உங்கள் குளோரைடு 180 என்று வந்தாலும் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மாதிரி எடுப்பதில் கோட்டைவிட்டால் ஆய்வகம் எவ்வளவு நல்லதானாலும் பயனில்லை. மேல்தொட்டியிலிருந்து எடுக்காதீர்கள், தொட்டியில் நின்ற நீரில் இரும்பு படிந்திருக்கும், ஆவியாகும் பொருள்கள் போயிருக்கும். பம்புக்கு அடுத்த குழாயில், ஃபில்டர் எதற்கும் முன்னால் எடுங்கள். மோட்டாரை ஓடவிட்டு, வெப்பநிலையும் மின்கடத்தலும் ஒரே எண்ணில் நிற்கும்வரை காத்திருங்கள். ஆவியாகும் சேர்மங்களுக்கு 40 மில்லி கண்ணாடிக் குப்பி தருவார்கள். தண்ணீரைச் சிதறாமல் மெல்ல ஓரமாக விட்டு, விளிம்புக்கு மேல் சற்றுக் குமிழாக நிற்கும் அளவு நிரப்பி மூட வேண்டும். மூடியதும் தலைகீழாக்கி லேசாகத் தட்டிப் பாருங்கள்; ஒரு சின்னக் காற்றுக்குமிழ் மேலே ஓடினாலும் அந்தக் குப்பி ஆகாது, வேறொன்றில் எடுக்க வேண்டும். நாம் தேடும் பொருள் அந்தக் குமிழுக்குள் போய்விடும். உலோகக் குப்பியில் சில துளி நைட்ரிக் அமிலம் போட்டிருப்பார்கள், அதைக் கழுவிவிடக் கூடாது, கையிலும் படக் கூடாது. எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள்.

அறிக்கை வந்ததும் நைட்ரேட்டுக்கு எதிரே அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் நைட்ரேட்டாகவே எழுதும், சில நைட்ரஜனாக எழுதும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு நைட்ரேட்டாக 50 மில்லிகிராம். நைட்ரஜனாக எழுதினால் அதுவே ஏறக்குறைய 11 ஆகும். 20 என்று வந்திருப்பது ஒரு கணக்கில் பாதுகாப்பு, இன்னொரு கணக்கில் ஆபத்து.

குளோரைடு, பொட்டாசியம், போரான், காரத்தன்மை எல்லாம் மேல்பக்கக் கிணற்றைவிட அதிகம், அம்மோனியாவும் கரைந்த இரும்பும் இருக்கின்றன, நைட்ரேட் ஏறக்குறைய இல்லை என்றால் கசிவுநீரை வலுவாகச் சந்தேகிக்கலாம். இயற்கையான நிலத்தடி நீரில் அம்மோனியா பொதுவாக லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்கும். ஆக்சிஜன் இல்லாத நீரில் 3 வரை போகலாம். நைட்ரேட் அதிகம், அம்மோனியா இல்லை, ஈ.கோலை இருக்கிறது என்றால் பக்கத்து செப்டிக் டேங்க்கைத் தேடுங்கள். ஈ.கோலை இல்லாமல் நைட்ரேட் மட்டும் என்றால் உரமாகவும் இருக்கலாம். ஆனால் மாசு நாக்கின் விளிம்பில் ஆக்சிஜன் கிடைத்து அம்மோனியாவே நைட்ரேட்டாக மாறுவதும் உண்டு. குழப்பமான அறிக்கையை நிலத்தடி நீர் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் முடிவுக்கு வராதீர்கள்.

ஃபில்டர் வாங்குவது இதற்குப் பிறகுதான். என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் கருவி பெரும்பாலும் தவறான கருவியாகவே அமையும். ஆர்ஓ நைட்ரேட்டையும் பெரும்பாலான உலோகங்களையும் நன்றாகக் குறைக்கும். ஆர்செனிக்கில் ஒரு சிக்கல் உண்டு: ஆக்சிஜன் இல்லாத நீரில் அது மூன்று இணைதிறன் வடிவில் இருக்கும், அந்த வடிவத்தை ஆர்ஓ சரியாகப் பிடிக்காது. முன்னதாக அதை ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். இரும்பு அதிகமுள்ள நீரை நேராக விட்டால் சவ்வும் அடைத்துக்கொள்ளும். கரி வடிகட்டி பென்சீன் போன்ற கரிமச் சேர்மங்களுக்கு நல்லது, நைட்ரேட்டுக்கு ஒன்றும் செய்யாது. வினைல் குளோரைடையும் சரியாகப் பிடிக்காது. புற ஊதா விளக்கு கிருமிக்கு மட்டும். எதை மாட்டினாலும், மாட்டிய பின் வெளியே வரும் நீரையும் ஒருமுறை சோதியுங்கள்.

குளோரின் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அம்மோனியா உள்ள நீரில் குளோரின் முதலில் அதோடு சேர்ந்து குளோரமீனாகிவிடும், கிருமியைக் கொல்லும் வேகம் வெகுவாகக் குறையும். அம்மோனியாவிலுள்ள ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனையும் தீர்த்துவிட்டுக் கிருமிக்கு மிஞ்ச, 8 முதல் 10 மில்லிகிராம் குளோரின் தேவைப்படும். வழக்கமாகப் போடும் அளவு அங்கே போதவே போதாது.

குளிக்க, துணி துவைக்க? ஆர்செனிக், நைட்ரேட், மாங்கனீசு தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. குழந்தை வாயில் தண்ணீரை விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆவியாகும் ரசாயனங்கள் இருந்தால் நிலைமை வேறு, மூடிய குளியலறையில் வெந்நீர் ஷவரிலிருந்து அவை மூச்சில் போகும். அந்த நிலையில் குளிக்கவும் அந்த நீர் வேண்டாம். கிடங்குக்கு அருகில் உள்ள பழைய கிணற்றுக்குள்ளோ பம்பு குழிக்குள்ளோ யாரும் இறங்கவும் கூடாது. மீத்தேனும் கரியமில வாயுவும் மண் வழியாக வந்து உள்ளே தங்கியிருக்கலாம்.

முதல் சோதனை சுத்தமாக வந்தால் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தலாம். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னுமாக ஆண்டுக்கு இரண்டு முறை குளோரைடு, அம்மோனியா, மின்கடத்தலையும், ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் பாருங்கள். கிடங்கைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் உண்டா என்று அதை நடத்துபவரிடமோ சுற்றுச்சூழல் அதிகாரிகளிடமோ எழுத்தில் கேளுங்கள். இருந்தால் பழைய ஆண்டுகளின் அறிக்கைகளையும் வாங்கி, கிடங்குக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் உள்ள கிணற்றின் குளோரைடு எண்களை ஆண்டு வரிசையில் எழுதிப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே வந்தால், உங்கள் கிணற்றில் இன்னும் ஒன்றும் தெரியாவிட்டாலும், குடிநீருக்கு மாற்று ஏற்பாட்டை இப்போதே தொடங்கிவிடுங்கள்.